க்யூ இருக்கிறது, யூ எங்கே?

நாகர்கோவில்
ஐப்பசி மாதம்

அன்புள்ள தாணு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், மகிழ்ச்சி. ஆனால் முழங்காலுக்கு ஒரு வரி, பேத்தியின் மேல் புகாருக்கு இரண்டு பக்கம்! எழுத்துக் கட்டைகளைக் கோத்து ஆங்கிலச் சொல் அமைத்து, எழுத்துக்குத் தக்க மதிப்பு வாங்குகிற ஸ்கிராபிள் ஆட்டத்தில், பள்ளிக்கூடம் போகிற பெண் பலகையில் இரண்டே எழுத்தை வைத்து உன்னைத் தோற்கடிக்கிறாளாம். கேட்டால் கைபேசியில் அகராதியைக் காட்டுகிறாளாம். "இதெல்லாம் ஆங்கிலமா? ஆயுள் முழுக்க அச்சகத்தில் புரூஃப் பார்த்தவனுக்குத் தெரியாத ஆங்கிலமா?" என்று என்னிடம் நியாயம் கேட்கிறாய். நியாயம் அவள் பக்கம்தான் இருக்கிறது, மக்கா. முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி கோபித்துக்கொண்டே மீதியைப் படி.

க்யூவையும் ஐயையும் ஒட்டி அவள் வைத்த சொல்லை 'சீ' என்று வாசிக்க வேண்டும். உடலுக்குள் ஓடிக்கொண்டிருப்பதாகச் சீன மருத்துவம் சொல்லும் உயிராற்றல் அது. நம் வைத்தியர்கள் பிராணன் என்பதற்கு ஏறக்குறைய பக்கத்தில் வரும். முன்பெல்லாம் ஆங்கிலத்தில் அதை சி, ஹெச், ஐ என்று மூன்று எழுத்தில் எழுதினார்கள். 1958-இல் சீனாவில் பின்யின் என்ற ரோமன் எழுத்து முறை நடைமுறைக்கு வந்தது. சீன ஒலிகளுக்கு இருபத்தாறு எழுத்தைப் பங்கிட்டபோது, அதிகம் வேலையில்லாமல் கிடந்த க்யூவைச் சகரம் போன்ற ஓர் ஒலிக்கு ஒதுக்கிவிட்டார்கள். அப்படித்தான் மூன்றெழுத்து இரண்டெழுத்தானது. ஆட்டத்தில் செல்லும் சொற்களுக்கு ஒரு பட்டியல் உண்டு; வட அமெரிக்க ஸ்கிராபிள் பட்டியலில் அது ஏறியது 2006-இல். நீ புரூஃப் பார்த்த காலத்தில் உன் கண்ணில் படவில்லை என்றால் அதில் வியப்பில்லை. அவள் அடுத்து வைத்தாளே, இசட்டும் ஏயும், அதுவும் அதே ஆண்டில் பட்டியலில் ஏறியதுதான். அமெரிக்க இளைஞர்கள் பீட்சாவின் தலையை வெட்டிவிட்டு வாலை மட்டும் சொல்வது. இரண்டுக்கும் ஒரே மதிப்பு, பதினொன்று. இந்த இரண்டாவது சொல்லின் மேல் எனக்கும் பெரிய மரியாதை கிடையாது.

உன் பெரிய ஆட்சேபணை வேறு: க்யூவுக்குப் பின்னால் யூ வராமல் ஆங்கிலச் சொல்லே கிடையாது என்று நமக்குச் சொல்லித் தந்தார்களே என்கிறாய். சரிதான். ஆனால் அந்த யூவே ஆங்கிலேயர்களுடைய சொந்தச் சொத்து அல்ல. அரசியைக் குறிக்கும் 'குவீன்' பழைய ஆங்கிலச் சொல்தான். அந்தக் காலத்தில் அதை சி எழுத்தோடு வகர ஒலிக்குரிய எழுத்தைச் சேர்த்து எழுதினார்கள். 'குயிக்' என்பதும் அப்படியே. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். பிரெஞ்சு முறையில் எழுதிப் பழகிய எழுத்தர்கள் அவர்களோடு வந்தார்கள். அவர்கள் கைவரிசையில்தான் சி போய், க்யூவும் யூவும் ஜோடியாக வந்து உட்கார்ந்தன. பிரெஞ்சுக்காரர்களுக்கு அந்த ஜோடியைக் கொடுத்தது லத்தீன். ஆக, யூ போட்ட க்யூவும் வெளியூர், யூ போடாத க்யூவும் வெளியூர். முன்னால் வந்தவன் பின்னால் வந்தவனைப் பார்த்து நீ யார் என்று கேட்பதில் என்ன நியாயம் இருக்கிறது?

யூ இல்லாத க்யூச் சொற்களில் பெரும்பகுதி அரபு நாட்டுப் பக்கத்தைச் சேர்ந்தவை. அரபில் காஃப் என்று ஓர் எழுத்து உண்டு. அண்ணத்தின் அடியில், தொண்டைக்கு அருகே பிறக்கும் ககரம். சாதாரணக் ககரத்துக்கு ஆங்கிலத்தில் கே போட்டாகிவிட்டது. இதைப் பிரித்துக் காட்ட ஒரு எழுத்து வேண்டுமே? க்யூ கைகொடுத்தது. உண்மையில் ரோமன் க்யூவும் அரபுக் காஃபும் ஒரே பினீசிய எழுத்திலிருந்து கிளைத்தவைதான், ஆகவே பொருத்தமான ஏற்பாடு.

எஸ், யூ, க்யூ என்று மூன்று எழுத்தில் ஒரு சொல் இருக்கிறது. யூ முன்னால் வந்துவிடுகிறது, பார்த்தாயா? சூக், அரபு நாட்டுச் சந்தை. க்யூ, ஏ, டீ மூன்றும் சேர்ந்தால் ஏமனிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் சாயங்காலம் கன்னத்தில் அடக்கிக்கொண்டு மெல்லும் ஓர் இலை. நம் ஊரில் வெற்றிலை போடுகிறவர்கள் பேச உட்காருவதுபோலவே அங்கே இலையோடு உட்காருவார்கள். இலையில்தான் மயக்கம் கொஞ்சம் கூடுதல். நீதி சொல்பவர் காஜி. ஆங்கிலத்தில் அவரை சி போட்டும் எழுதலாம், கே போட்டும் எழுதலாம், க்யூ போட்டும் எழுதலாம், கையில் எந்த எழுத்து இருக்கிறதோ அந்தப்படி. பக்கீரும் அப்படித்தான், கே போட்டால் ஒரு மதிப்பு, க்யூ போட்டால் இன்னொரு மதிப்பு. தக்கலை பீர் முகமது அப்பாவின் பாடல்களைக் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்களுக்குப் பக்கீர் என்பதற்கு நான் பொருள் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது ஐந்தெழுத்துச் சொல் ஒன்று: கனாத். ஈரானில் மலையடிவாரத்தில் ஆழமாகக் கிணறு வெட்டி, அங்கே ஊறும் தண்ணீரை நிலத்துக்குள்ளேயே இலேசான சரிவில் சுரங்கமாகத் தோண்டிக் கொண்டுவந்து, பல மைல் தள்ளி வயலில் திறந்துவிடுவார்கள். பம்பு வேண்டாம், மோட்டார் வேண்டாம், வெயிலில் ஆவியாகிப் போவதும் குறைவு. இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேலாக நடந்துவரும் வேலை. பேச்சிப்பாறைத் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரவில்லை என்று கும்பப்பூ நடவுக்கு நடவு சண்டை போடுகிற நாஞ்சில் நாட்டான் இந்தச் சொல்லைத் தெரிந்துகொள்ளாமல் இருக்கலாமா?

இதைப் படிக்கும்போது உனக்கும் நம் அச்சகம் நினைவுக்கு வந்திருக்கும். ஆங்கில எழுத்துப் பெட்டியில் ஈ அறைதான் எல்லாவற்றிலும் பெரிது. க்யூவும் இசட்டும் ஓரத்துச் சின்ன அறைகளில் புத்தம் புதிதாகக் கிடக்கும். பெரிய க்யூவை நான் கையில் எடுத்ததே கொல்லத்துக்குப் பெண் கொடுக்கிற கல்யாண அழைப்பிதழ்களுக்குத்தான், அப்போது ஆங்கிலத்தில் ஊர்ப்பெயர் 'குயிலோன்' அல்லவா. கொல்லம் என்று எழுத ஆரம்பித்ததும் அந்த வேலையும் போயிற்று. அரையாண்டுத் தேர்வு வந்தால் மட்டும் கதை தலைகீழ். கேள்வித்தாளில் கேள்விக்குக் கேள்வி க்யூ வேண்டும். பெட்டியிலோ கைப்பிடி அளவுகூட இருக்காது. இல்லாத இடத்தில் வேறோர் எழுத்தைக் கவிழ்த்து வைத்துக் கோத்து அனுப்புவேன். நீ புரூஃபில் அந்தக் கறுப்புக் கட்டைகளைச் சுற்றிச் சுற்றி வட்டம் போட்டு, "யேசு, க்யூவை எல்லாம் விற்றுத் தின்றுவிட்டாயா?" என்று கத்துவாய்.

இந்த விளையாட்டைச் செய்தவரும் நம் பெட்டிக் கணக்கைத்தான் போட்டார். ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற அமெரிக்கர், கட்டடக் கலைஞர். 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் வேலை போய்விட்டது. செய்தித்தாளை எடுத்துவைத்து, எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணினார். அந்தக் கணக்கின்படிதான் நூறு கட்டைகளில் ஈக்குப் பன்னிரண்டு, க்யூவுக்கு ஒன்று, இசட்டுக்கு ஒன்று. அரிதான எழுத்துக்குப் பத்து மதிப்பு, மலிந்ததற்கு ஒன்று. ஓர் இடத்தில் மட்டும் கணக்கை மீறினார். ஆங்கிலத்தில் எஸ் எவ்வளவு அதிகம் வரும் என்று நமக்குத் தெரியும். ஆனால் அதற்கு நான்கே கட்டைதான் கொடுத்தார். இல்லாவிட்டால் எல்லாரும் அடுத்தவர் சொல்லின் பின்னால் எஸ் ஒட்டிப் பன்மையாக்கியே பிழைத்துவிடுவார்கள் என்ற பயம். ஸ்கிராபிள் என்ற பெயர் 1948-இல் வேறொருவர் வைத்தது.

உயிரெழுத்தே இல்லாத சொல்லை அவள் வைத்தாள் என்றும் எழுதியிருந்தாய்: சி, டபிள்யூ, எம். அதைக் 'கூம்' என்று படிக்க வேண்டும். வேல்ஸ் மொழியில் டபிள்யூ உயிரெழுத்து. அந்த உரிமையோடு ஆங்கிலத்துக்குள் வந்துவிட்டது. பனிப்பாறை அரைத்து அரைத்துக் குடைந்த, மலைக்கு நடுவே கிண்ணம்போன்ற பள்ளத்தாக்கு. எவரெஸ்ட் ஏறுகிறவர்கள் ஒரு பெரிய பனிப் பள்ளத்தைக் கடந்துதான் மேலே போக வேண்டும். 1921-இல் அதைக் கண்ட மலையேறி மலோரி அதற்கு 'மேற்குக் கூம்' என்று பெயர் வைத்தார். நேபாளத்து மலைக்கு வேல்ஸ்காரர் சொல், வைத்தவர் ஆங்கிலேயர். பட்டியலில் இப்படி இன்னும் பல கிடக்கின்றன. 'உஸ்' என்று அடக்குவது, 'த்சொ' என்று நாக்கைத் தட்டுவது எல்லாம் சொல்லாம். அவற்றை விட்டுவிடுவோம்.

எக்ஸ் பக்கம் போனால், பி, ஒய், எக்ஸ் மூன்றும் சேர்ந்து ஒரு சிமிழ். கத்தோலிக்கக் குருக்கள் படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கு நற்கருணை கொண்டுபோவது அதில்தான். கோட்டாற்றிலும் கடற்கரை ஊர்களிலும் தினமும் நடப்பது. லண்டனில் அரசு நாணயச்சாலையின் காசுகளை எடுத்துச் சோதிக்கும் பழைய சடங்குக்கும் இந்தச் சிமிழின் பெயர்தான், சோதனைக் காசுகளை அதில் போட்டுப் பூட்டுவார்களாம். பதினைந்து மதிப்பு. இசட், ஏ, எக்ஸ் இன்னும் கொழுத்தது, பத்தொன்பது: கூரைக்கு வேயும் கற்பலகையை வெட்டித் துளை போடும் கருவி. ஓட்டு வீட்டுக்காரர்களான நமக்கு அது தேவைப்படவில்லை. நம் தச்சர் கையில் இருக்கும் வாய்ச்சிக்கும் இசட் உண்டு, 'ஆட்ஸ்' என்பார்கள். அமெரிக்கர்கள் அதன் கடைசி ஈயையும் செதுக்கி எறிந்துவிட்டு மூன்றே எழுத்தில் எழுதுகிறார்கள்.

இந்தச் சின்னச் சொற்களுக்குள் ஒரு மிருகக்காட்சிசாலையே இருக்கிறது. ஏயும் ஐயும் சேர்ந்தால் தென் அமெரிக்காவின் மூவிரல் ஸ்லாத், மரத்தில் தொங்கிக்கொண்டே மெல்ல மெல்ல நகரும் விலங்கு. மதிப்பும் அதன் சுறுசுறுப்புக்குத் தக்கபடி, இரண்டு. இசட்டும் ஓவும் சேர்ந்தால் திபெத்துப் பக்கத்தில் கவரிமாவையும் மாட்டையும் கலந்து பெறும் பிராணி. அதையே நடுவில் ஹெச் போட்டும், முன்னால் டி போட்டும், இசட்டுக்குப் பதில் டியும் எஸ்ஸும் போட்டும் எழுதலாம். மலை ஏற மூட்டை சுமக்கிற மாடு ஒன்றுதான், எழுத்துக்கூட்டல் நான்கு! நான்கையும் பிரிட்டிஷ் பட்டியல் ஏற்கிறது. உன் பேத்தி எந்தப் பட்டியலை வைத்து ஆடுகிறாள் என்று கேட்டு வை. அமெரிக்கப் பட்டியல் வேறு, மற்ற நாடுகள் பின்பற்றும் பட்டியல் வேறு. அந்த ஒரு கேள்வி கேட்டாலே அவள் உன்னைக் கொஞ்சம் மதிப்பாள்.

இரண்டெழுத்தில் இவ்வளவு பொருளா என்று மலைக்காதே. நமக்கு ஓரெழுத்திலேயே உண்டு. 'ஓரெழுத்து இயல்பதம் ஆறேழ்' என்றார் நன்னூலார், ஆறேழ் நாற்பத்திரண்டு. ஆ என்றால் பசு, ஏ என்றால் அம்பு, கா என்றால் சோலை. இவை எல்லாருக்கும் தெரியும். ஓ என்றால் மதகில் தண்ணீரைத் தடுத்து நிறுத்தும் பலகை என்பது யாருக்குத் தெரியும்? மடைப் பலகையைத் திருட்டுத்தனமாகத் தூக்கிவிட்டுப் பிடிபட்ட வாலிபன் ஒருவன் கோயம்புத்தூரில் தாத்தாவாக உட்கார்ந்திருக்கிறான், அவனுக்காவது தெரிந்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஓரெழுத்துச் சொல் ஏயும் ஐயும், பாட்டில் வரும் ஓவும். ஸ்கிராபிளில் அந்த மூன்றும் செல்லாது, ஆட்டம் இரண்டெழுத்தில்தான் தொடங்குகிறது.

தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இதில் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. வெளியிலிருந்து வருகிற சொல்லை நாம் நம் எழுத்துக்குப் பணியவைத்துத்தான் உள்ளே விடுவோம்; ராமன் இராமனாகி, லக்ஷ்மணன் இலக்குவனாகித்தான் நிற்க முடிந்தது. ஆங்கிலம் வந்த கோலத்திலேயே ஏற்றுக்கொள்கிறது. அதனால்தான் அங்கே எழுத்தைப் பார்த்தே ஊரைச் சொல்லிவிடலாம். எது மேல் என்று கேட்டால் நான் நம் முறையைத்தான் சொல்வேன். ஆனால் பலகை வைத்து விளையாட அவர்கள் முறைதான் சுவை.

நம் கரையிலிருந்தும் ஏறிப் போனவை உண்டு. கட்டுமரம் போனது உனக்குத் தெரியும். தெரியாதவை இந்தச் சின்னவை. கயிறு முறுக்குகிற நாரை ஆங்கிலத்தில் 'காயர்' என்பது மலையாளக் கயர். கொப்பரையும், தேக்கும் போர்த்துகீசியர் வாய் வழியாகக் கப்பலேறின. விளவங்கோட்டுக்காரர் இன்றைக்கும் சக்கை என்றுதான் சொல்கிறார். பலாப்பழம் என்று சொன்னால் இவன் கிழக்கத்தியான் என்று பார்ப்பார். அந்தச் சக்கையைப் போர்த்துகீசியர் 'ஜாக்கா' என்றார்கள், ஆங்கிலேயர் வாலை நறுக்கி 'ஜாக்' ஆக்கினார்கள். ஜேயும் கேயும் இருப்பதால் பலகையில் பதினேழு மதிப்பு. தேக்குக்கு எட்டு. காயருக்கு ஆறே ஆறு. ஈத்தாமொழியில் தென்னை வைத்திருப்பவர்கள் கேட்டால் வருத்தப்படுவார்கள். பேத்தி சீனத்தையும் அரபையும் வைத்து அடிக்கும்போது நீ சக்கையை எடுத்து வை. அது எப்படி ஆங்கிலத்துக்குள் போனது என்ற கதையையும் சொல். அவளுக்கு அந்த அகராதி கதை சொல்லாது.

கதையெல்லாம் எதற்கு, பட்டியலை மனப்பாடம் செய்தால் போதாதா என்று அவள் கேட்கலாம். போதும் என்பதுதான் உண்மை. நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015-இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார். பிரெஞ்சு பேசத் தெரியாது. சில வாரங்களில் சொற்பட்டியலை அப்படியே தலைக்குள் ஏற்றிக்கொண்டார். 2024-இல் ஸ்பானியத்திலும் வென்றார், அந்த மொழியும் பேசத் தெரியாமலே. அந்த மூளையை வணங்கலாம். ஆனால் எனக்குப் பொறாமை வரவில்லை. பிரெஞ்சுச் சொல் அத்தனையும் தலைக்குள் இருந்தும் ஒரு காப்பி கேட்டு வாங்கத் தெரியாமல் இருப்பதைவிட, ஆட்டத்தில் தோற்றுவிட்டுக் கனாத் எப்படி வெட்டுவார்கள் என்று தெரிந்துகொள்வதே எனக்குப் போதும். உங்கள் வீட்டு ஆட்டத்துக்கு ஒரு விதி போடு: அகராதியில் இருக்கிற எந்தச் சொல்லையும் வைக்கலாம், பொருள் சொன்னால் முழு மதிப்பு, சொல்லாவிட்டால் பாதி. உனக்கும் அதே விதிதான், நழுவக் கூடாது.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. ஆனியில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை என்று இரண்டையும் வாங்கிக்கொள்கிற மாவட்டம் என்று நீ பெருமை பேசுவாயே, வந்து பார், வடசேரிச் சந்தையில் கால் வைக்க இடமில்லை. தோவாளையில் பூ விலை ஏறிவிட்டது. நம் அச்சகத்தில் காலால் மிதித்து ஓட்டிய ட்ரெடில் எந்திரத்தைப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார்கள். எழுத்துப் பெட்டிகள் இரண்டை மட்டும் முதலாளி மகனிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஒன்றில் மருமகள் மசாலா சாமான் போட்டு வைத்திருக்கிறாள், ஈ அறையில் கொத்தமல்லி. சரியான ஆளைத்தான் சரியான அறையில் வைத்திருக்கிறாள்.

கடைசியாக ஒரு தந்திரம் சொல்லித் தருகிறேன். அடுத்த ஆட்டத்தில் வீ எழுத்து அவள் கையில் மாட்டிக்கொண்டு முழித்தால், "அதை வைத்து ஓர் இரண்டெழுத்துச் சொல் போடேன்" என்று ஒன்றும் தெரியாதவனைப்போல் சொல். இரண்டு பட்டியலிலும் வீயில் இரண்டெழுத்துச் சொல் ஒன்றுகூடக் கிடையாது. நன்னூலாரிடம் வகரத்துக்கு மட்டும் ஓரெழுத்துச் சொல் நான்கு: வா, வீ, வை, வௌ. பந்தயம் கட்டிவிட்டுக் கேள். வாயு மிட்டாயும் மட்டிப்பழமும் வேண்டும் என்று எழுதியிருந்தாய். மிட்டாய் மட்டும் பார்சலில் வரும், பழம் கோயம்புத்தூர் வந்து சேர்வதற்குள் கூழாகிவிடும்.

அன்புடன்,
யேசுவடியான்